தீ அணைந்த பின்

சித்திரைப் பிறப்பைக் கொண்டாடும் ஏப்ரல் 14, தீயணைப்புத் துறைக்கு நீத்தார் நினைவு நாளும்கூட என்பதை நம்மில் பலர் அறியோம். 1944இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ கப்பல் தீப்பற்றியது. பருத்திப் பொதிகளோடு ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் அதில் இருந்தது. (இரண்டையும் ஒருங்கே ஏற்றியது எவர் மதியோ!) நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோதே கப்பல் வெடித்தது, தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர்.

மாண்டோர்க்கு நினைவு நாள் வாய்த்தது. மீண்டோரின் உறக்கத்தைக் கெடுக்கும் துயருக்கோ, ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்’ என்னும் பெயர் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் 1980இல்தான் ஏறியது. கம்மாபுரத்தை அடுத்த நெய்வேலியில் 2020 ஜூலை 1 அன்று அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்தபோது மீட்கச் சென்றவர்களை எண்ணும்போதும் இத்துயரே நினைவில் எழுகிறது.

இந்நோய்க்கு முயலப்படும் மூளையலைப் பயிற்சியின் தோற்றம் விந்தையானது. 1960களில் பேரி ஸ்டெர்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மூளையில் நொடிக்கு 12 முதல் 15 வரையிலான அலைகள் எழுந்தபோதெல்லாம் உணவளித்துப் பூனைகளைப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சை ஆராய்ந்தபோது, பழகிய பூனைகளுக்கு வலிப்பு தாமதமாகவே வந்தது! மனிதர்க்கான பயிற்சிக்கு அதுவே வித்து. தலையில் பொருத்திய மின்முனைகள் அலைகளைப் பதிய, பயில்பவர் திரையைப் பார்த்து அவற்றை மாற்றப் பழகுகிறார்.

2016இல் வெளியான வான் டெர் கோல்க் குழுவின் ஆய்வில் 52 நோயாளிகள் பங்கேற்றனர். 24 அமர்வுகள் பயின்றோர்க்கு நோய் கணிசமாகத் தணிந்தது. ஆனால் ஒப்பிடப்பட்டோர் பயிற்சிக்குக் காத்திருந்தவர்களே, போலிப் பயிற்சி பெற்றோர் அல்லர். எனவே தீயணைப்பு வீரர்க்கு இதைத் துணையாக வழங்கிப் பார்க்கலாம். பேச்சுவழிச் சிகிச்சையைக் கைவிட்டு இதனிடம் ஓட வேண்டியதில்லை.