முப்பத்தேழு முக்கால்

போன மாசம் ஆறாவது படிக்கும் என் மகளின் கணக்கு விடைத்தாளைப் பார்த்தேன். ஒரு கேனில் முக்கால் லிட்டர் எண்ணெய் என்றால் 37 கேனில் எவ்வளவு? 27¾ லிட்டர் என்று மட்டும் எழுதியிருந்தாள். விடை சரி. ஆனால் மூன்று மார்க்கில் ஒன்றுதான் கிடைத்தது. பக்கத்தில் சிவப்பு மையில், "ஸ்டெப் எங்கே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "எப்படிம்மா போட்ட?" என்று கேட்டேன்.

"முப்பத்தேழுல கால்வாசி ஒன்பதேகால். அதைக் கழிச்சிட்டேன்ப்பா."

புத்தகத்தின் வழி வேறு. 37ஐ 3ஆல் பெருக்கினால் 111. அதை 4ஆல் வகுத்தால் 27¾.

எங்க தாத்தாவிடம் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. சின்னமனூரில் நெல் மண்டியில் கணக்கு எழுதியவர், திண்ணைப் பள்ளியில் படித்தவர். இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டால் வாய்க்குள் முணுமுணுப்பார்: "முப்பது முக்கால் இருபத்திரண்டரை, ஏழு முக்கால் அஞ்சேகால், ஆக இருபத்தேழேமுக்கால்." பேப்பரைத் தொட மாட்டார்.

அந்த முணுமுணுப்பு எண்சுவடியிலிருந்து வந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் சத்தமாக முறை சொல்லிப் படித்த வாய்ப்பாட்டுச் சுவடி அது. முழு எண்ணோடு நிற்காது. முக்கால், அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80) என்று இறங்கி முந்திரி (1/320) வரைக்கும் போகும். எங்க தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு லுக்கப் டேபிள். எண்ணை முப்பது, ஏழு என்று உடைக்கணும், டேபிளில் எடுக்கணும், கூட்டணும். வெறும் மனப்பாடம் என்று நாம் ஒதுக்கும் முறையிலும் ஸ்டெப் இருந்திருக்கிறது, எழுத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அன்றாட வாழ்க்கைக்கும் இது அப்படியே பொருந்தியது. படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதனால் ரூபாயில் மாகாணி என்றால் ஓர் அணா. முப்பத்தேழு முக்கால் ரூபாயை 27 ரூபாய் 12 அணா என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. அடுத்து கிலோவும் லிட்டரும் வந்தன. மாகாணி வாய்ப்பாட்டுக்கு வேலை போய்விட்டது.

இதை வைத்து 'பழைய முறையே சிறந்தது' என்று எழுத எனக்கு மனசில்லை. காரி நாயனார் எழுதியதாகச் சொல்லப்படும் கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்புக்கு ஒரு விதி உண்டு: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. சரியான விதி. ஆனால் ஏன் அப்படி என்று செய்யுள் சொல்வதில்லை, ஆசிரியர் சொன்னால்தான் உண்டு.

அந்த ஆசிரியர் முன்னால் யார் உட்கார முடிந்தது? 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் இருந்தன. சுமார் 1,88,000 மாணவர்களில் பெண் பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. என் மகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தாத்தா நெல் கணக்குக்கும் வட்டிக்கும் இன்னும் நிறைய குறுக்கு வழிகள் வைத்திருந்தார். விடையைக் கேட்டு ஆச்சரியப்பட்டோமே தவிர, "எப்படி போட்டீங்க தாத்தா?" என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. முப்பத்தேழு முக்கால் மாதிரி காதில் விழுந்தது மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் அவரோடு போய்விட்டது.

அதனால் டீச்சரிடம் சண்டைக்குப் போகவில்லை. அன்று ராத்திரி நோட்டில் மூன்று வழியையும் வரிசையாக எழுதினோம். புத்தகத்தின் வழி, தாத்தாவின் வழி, அவளுடைய வழி. அவளுடையதுக்கு இரண்டே வரிதான்: 37ல் கால்பங்கு 9¼. 37 − 9¼ = 27¾.

"இதை எழுதியிருந்தா மூணு மார்க் போட்டிருப்பாங்களாப்பா?" என்று கேட்டாள்.

போட்டிருக்கணும் என்றேன்.