‘எழுத்து’ ஏடும் புதுக்கவிதையும்

கொடைக்கானலுக்கு மேற்கேயுள்ள பூம்பாறை, அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலமாகும். தமிழ்ச் சந்தத்தின் எல்லையைத் தொட்டவர் அவர். அம்மலையினின்று கிழக்கே இறங்கினால் வத்தலக்குண்டு. சந்தத்தைத் துறந்த கவிதைக்கு அரணாக நின்ற சி. சு. செல்லப்பா (1912–1998) வளர்ந்த ஊர் அது. ‘மணிக்கொடி’யை நடத்திய பி. எஸ். ராமையாவின் முதலெழுத்தும் அவ்வூரையே குறிக்கும். இவ்விரு துருவங்களும் ஒரு மலையைச் சார்ந்து அமைந்தமை தற்செயலே. ஆயினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பாரதியின் வசன கவிதையையும் வால்ட் விட்மனையும் கற்ற ந. பிச்சமூர்த்தி, 1934-இல் ‘மணிக்கொடி’யில் யாப்பற்ற கவிதை எழுதத் தொடங்கினார். அம்முயற்சி இடையில் தேய்ந்தது. 1959 சனவரியில் செல்லப்பா சென்னையில் தொடங்கிய ‘எழுத்து’ அதற்கு மறுவாழ்வு அளித்தது. விமர்சனத்துக்கென எழுந்த அவ்வேடு கவிதைக்கும் களமாயிற்று. 1962-இல் 24 கவிஞரின் 63 கவிதைகள் ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன.

யாப்பறியாதோரின் புகலிடம் இது எனப் புலவர் பலர் சீறினர். இக்குற்றச்சாட்டு எல்லார்க்கும் பொருந்தாது. ‘நரகம்’ என்னும் நெடுங்கவிதையில் நகரத்து இளைஞனின் வேட்கையையும் தனிமையையும் காட்டிய சி. மணியே, பின்னர் ‘யாப்பும் கவிதையும்’ என்ற நூலை எழுதினார். அவர் யாப்பை அறிந்தே விட்டவர். மேலும், சங்கீதங்களை உரைநடைத் தமிழில் நாள்தோறும் ஓதும் நாம், எதுகை மோனையின்றிக் கவிதையில்லை என வாதிடுவது எங்ஙனம்? ஒரு வரியின் கருத்தை அடுத்த வரி எதிரொலிப்பதே எபிரேயக் கவிதையின் கட்டுமானம் என ராபர்ட் லோத் 1753-இல் விளக்கியதை மாணாக்கர் அறிவர்.

உண்மையான வழக்கு வடிவத்தைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. பிச்சமூர்த்தியிடம் இயற்கையும் வேதாந்தச் சாயலும் உண்டு; பெட்டிக்கடைக்காரனும் அவர் கவிதைக்கு நாயகனானான். திருகோணமலையில் பிறந்த பிரமிள் (1939–1997) படிமத்தை விளக்கவுரையின்றித் தனித்து நிற்கச் செய்தார். பெரும்பாலும் இவை தனிமனிதனின் அகக்குரல்கள். உழைப்போரின் குரல் எங்கே என, 1971-இல் கோவையில் எழுந்த வானம்பாடி இயக்கம் வினவியது. புவியரசு, சிற்பி முதலியோர் தம் ஏட்டை விலையிலாக் கவிமடலாகவே வழங்கினர். வினா நேரியதே. ஆயினும் மேடை முழக்கம் அவர்தம் கவிதையைப் பல இடங்களில் விழுங்கிற்று என்பது என் கணிப்பு. பிரசங்கபீடத்தில் நின்று பழகிய நமக்கு இவ்வாபத்து புதிதன்று.

‘எழுத்து’ 1970-இல் நின்றது. அது பெரும் விற்பனையை என்றுமே கண்டதில்லை. செல்லப்பா தம் வெளியீடுகளைத் தோளிற் சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார்.