ஏலச்சீட்டும் சுயஉதவிக் குழுவும்

யாரிடமும் கையேந்தாமல் பணம் புரட்ட நம் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு வழிகள் நன்றாகத் தெரியும். ஒன்று, தெருவில் பிடிக்கும் ஏலச்சீட்டு. மற்றது, மகளிர் சுயஉதவிக் குழு. இரண்டுக்குமே சொந்தக் காலில் நிற்பது என்றுதான் பெயர். ஆனால் யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்று கேட்டால் இரண்டின் போக்கும் வேறு.

முதலில் சீட்டுக் கணக்கு. இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், சீட்டுத் தொகை ஒரு லட்சம். மூன்றாம் மாதம் ஒருவர் அவசரத்துக்கு 20,000 தள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 80,000 வரும். தள்ளிய தொகையில் சீட்டு பிடிப்பவருக்குக் கமிஷன் 5,000. மீதி 15,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 750 எனக் கழியும். அந்த மாதம் 4,250 கட்டினால் போதும். அவசரக்காரர் விட்டுக்கொடுத்தது பொறுத்திருப்பவருக்கு லாபம். கடனும் சேமிப்பும் ஒரே ஏற்பாட்டில் நடந்துவிடுகின்றன. படிவம் இல்லை, அலைச்சல் இல்லை.

சரி, எடுத்தவர் மீதிப் பதினேழு மாதமும் ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு யார் பொறுப்பு? சீட்டு பிடிக்கும் அக்காதான். எடுத்தவர் இழுத்தடித்தால் அக்கா தன் கையிலிருந்து போட்டுச் சமாளிக்க வேண்டும். கட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்கா நாணயமானவர் என்பது தெரிந்தால் போதும். அந்த அக்காவே ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டால் இன்னும் சீட்டு எடுக்காத அத்தனை பேரின் பணமும் போச்சு.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் முன் அனுமதி வாங்கி, பதிவாளரிடம் பிணையும் வைக்க வேண்டும். கேரள அரசு 1969 முதல் தானே ஒரு நிறுவனம் வைத்துச் சீட்டு நடத்துகிறது. நம் தெருச் சீட்டுகள் பெரும்பாலும் இந்தப் பக்கமே போவதில்லை.

குழு அப்படியல்ல. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு நிதியுதவியோடு தொடங்கிய திட்டம் இது. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், சிறு சேமிப்பு, கூட்டம், தீர்மான நோட்டு, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு. நம்பிக்கை இங்கே ஒரே ஆள் தலையில் ஏறுவதில்லை. எல்லோர் மேலும் பரவுகிறது. சேமிப்பிலிருந்து உறுப்பினர்கள் வாங்கும் உள்கடனுக்குக் கட்டும் வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சீட்டு ஏலத்தில் பணம் எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு தள்ளுகிறாய் என்பது மட்டும்தான் கேள்வி. குழுவில் பத்துப் பேர் முன்னால் காரணம் சொல்லியாக வேண்டும். கணவன் அடகு வைத்த நகையை மீட்க என்று சொல்லக் கூசி, அந்தக் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடுகிற பெண்ணுக்குச் சீட்டுதான் மரியாதையான இடம். தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பதும் அதே சக உறுப்பினர்கள்தான். உதவியும் உறுத்தலும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

இந்தக் கூட்டுப் பொறுப்பை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, சேமிப்பை விட்டுவிட்டு வந்தவை நுண்கடன் நிறுவனங்கள். ஆந்திராவில் இவற்றின் வசூல் நெருக்கடி முற்றி, 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தங்கள் சொந்தச் சேமிப்பு நடுவில் இல்லாத குழுவில் பெண்கள் கம்பெனிக்காக ஒருவரை ஒருவர் காவல் காக்கிறார்கள், அவ்வளவுதான்.

அரசின் கையும் குழுவின் கணக்கில் நுழையாமல் இல்லை. தமிழ்நாட்டுக் கூட்டுறவு நிறுவனங்களில் குழுக்கள் வாங்கிய கடனில் 2021 மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த சுமார் 2,756 கோடி ரூபாயை அரசு தள்ளுபடி செய்தது. கொரோனாவில் நொடித்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. அதே சமயம், வயிற்றைக் கட்டி முன்கூட்டியே அடைத்து முடித்த குழுவுக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை. அடுத்த கடனை அடைக்கும்போது அந்தக் குழு என்ன நினைக்கும்?

என் தீர்ப்பைக் கேட்டால், திடீர்ச் செலவுக்குச் சீட்டு, நீண்ட நாள் தொழிலுக்குக் குழு. சீட்டில் சேரும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் ஆளிடம் கட்டாதீர்கள். குழுவில் இருப்பவர்கள், வங்கிப் பாஸ்புத்தகத்தைக் குழுவை நடத்தும் ஊக்குநர் வாசித்துக் காட்டக் கேட்பதோடு விடாமல், மாதம் ஒரு முறை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.