முதியோர் வன்கொடுமையும் கைவிடலும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

முதியவர்களை அவர்கள் நம்பியிருக்கும் ஆட்களே அடிப்பது, ஏசுவது, பணத்தையும் சொத்தையும் பறிப்பது, சோறும் மருந்தும் கொடுக்காமல் போட்டுவிடுவது ஆகியவை முதியோர் வன்கொடுமை எனப்படும். 1975இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்துக்குப் பின்னரே மருத்துவ உலகம் இதைத் தனிச் சிக்கலாகப் பேசத் தொடங்கியது. 60 வயது கடந்தோரில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் இதற்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கேரளத்தின் இடுக்கி மலைகளில் இதன் வேர் தோட்ட வரலாற்றில் உள்ளது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சார் அரசரிடம் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் தேயிலை பரவியபோது கங்காணிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்தனர். அந்தத் தொழிலாளர்களுக்குக் கட்டப்பட்ட வரிசை வீடுகளே லயங்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றவர் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்தால் வீடு அவர்கள் கணக்கில் தொடரும். காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர் அன்றுமுதல் அதே அடுப்படியில் ஒண்டுக்குடி. கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வரும்வரை நன்றாகக் கவனித்துவிட்டு, வந்தபின் தேனிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற்றிவிடுவதும் உண்டு. ‘சொந்த ஊருக்கு அனுப்பினோம்’ என்று குடும்பம் சொன்னாலும், அங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லையென்றால் அது கைவிடலே. 2000 வாக்கில் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது பணமும் வராமல் போனவர்கள் பலர்.

இடுக்கியில் வீடும் பணமும் காரணமென்றால், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சிக்கல் நிலத்தைச் சுற்றியே எழுகிறது.

அடையாளங்களில் காயத்தைவிடப் பணமே முந்தித் தெரியும். பென்ஷன் மஸ்டரிங்குக்கு (உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய) அக்ஷயா அரசு சேவை மையத்துக்கு வரும் பாட்டியின் பாஸ்புக் பேரனின் சட்டைப்பையில் இருக்கும். எவ்வளவு வந்தது என்று கேட்டால் அவர் பேரனின் முகத்தைப் பார்ப்பார். படுத்த படுக்கையானவர்களிடம் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் போர்வையை விலக்கினால் படுக்கைப்புண், மூத்திர நெடி, பிரிக்கப்படாத மாத்திரை அட்டை தென்படலாம். காயத்துக்குச் சொல்லும் காரணம் பொருந்தாமை, தனியாகப் பேச விடாமை, காரணமில்லாத மெலிவு ஆகியவையும் குறிகளே. ஆனால் படுக்கைப்புண் நல்ல கவனிப்பிலும் வரும். ஒரு குறியை மட்டும் வைத்துக் குடும்பத்தைக் குற்றம் சாட்டலாகாது.

2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தேவிகுளம், இடுக்கி, பாலக்காடு, ஒற்றப்பாலம் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகங்களில் மனு கொடுக்கலாம். முதியவர் வசிக்கும் மாவட்டத்திலோ, கடைசியாக வசித்த மாவட்டத்திலோ, பிள்ளைகள் இருக்கும் மாவட்டத்திலோ வழக்குத் தொடுக்க 6ஆம் பிரிவு இடம் தருவதால் மாநில எல்லை தடையில்லை. கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற, பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

முதியோர் உதவிக்கு 14567 என்ற தொலைபேசி எண் உள்ளது. கேரளம் 2025இல் முதியோர் ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது.