சோடா கலனில் நுரைத்த பீர்

அமெரிக்க மதுவிலக்கு 1933இல் முடிந்தது. ஆனால் வீட்டில் பீர் காய்ச்சுவது அதன்பிறகும் சட்டவிரோதம்தான். ஒயினுக்குக் கிடைத்த சலுகை பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் நாட்டளவில் கதவு திறந்தது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன், வரியில்லாமல்.

சட்டம் சரி, சாமானுக்கு எங்கே போவது? காய்ச்ச ஓர் அண்டா போதும், நொதிக்க மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி போதும். பாடு அப்புறம்தான். 5 காலன் பீருக்கு ஐம்பது பாட்டிலாவது கழுவணும், மூடி அடிக்கணும். கலன் இருந்தால் ஒன்றைக் கழுவினால் போதும். ஆனால் புதுசு வாங்கினால் கையைக் கடிக்கும்.

வழி குளிர்பானத் தொழிலிலிருந்து வந்தது. பெப்சியும் கோக்கும் சிரப் அனுப்பிய 5 காலன் எஃகுக் கலன்கள், அட்டைப்பெட்டிக்குள் பை வந்ததும் வேண்டாத சாமான்களாயின. அழுத்தம் தாங்கும், கைவிட்டுக் கழுவலாம். சோடா வாசனை போக ரப்பர் வளையங்களை மாற்றினால் போதும். மிச்சமான காசு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் போனது. கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் அந்த ரெகுலேட்டர்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது இதுதான்: உரிமையைக் கொடுத்தது சட்டம், அதைக் காசில்லாதவன் கைக்குக் கொண்டுவந்தது பழைய சாமான். அந்தக் கலன்கள் தீரத்தீர விலையும் ஏறியது. யாரோ கழித்துப் போடும்வரைதான் சில சுதந்திரங்கள் மலிவு.