டயப்பரும் பீரும் முதல் பரிசு

கம்ப்யூட்டர் ஆய்வுப் போட்டி ஒன்றில் முதல் பரிசாக டயப்பரும் பீரும் கொடுத்தார்கள் என்று சொன்னால் என் எம்.இ. மாணவர்கள் நம்புவதில்லை. 2003இல் ஃபுளோரிடாவில் இருக்கும் மெல்போர்ன் என்ற ஊரில் அது நிஜமாகவே நடந்தது. ஆஸ்திரேலிய மெல்போர்ன் அல்ல. பரிசை வாங்கியவர்கள் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்டா கிரானேயும் ஜியான்ஃபெய் ஜூவும்.

டயப்பர், பீர் கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 1992இல் ஆஸ்கோ என்ற அமெரிக்க மருந்துக் கடைத் தொடரின் பில்களை டெராடேட்டா நிறுவனத்தார் அலசியபோது கிளம்பியது. சாயங்காலம் டயப்பர் வாங்க வருகிறவர்கள் பீரையும் எடுத்துக்கொண்டு போகிறார்களாம். பாதி நிஜம், பாதி கை கால் முளைத்த கதை. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி பெரியது. லட்சக்கணக்கான பில்கள் இருந்தால், எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்தே விற்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரம் பொருள் உள்ள கடையில் எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணி முடிக்க எந்த மெஷினாலும் ஆகாது.

வழி காட்டியது கலிஃபோர்னியாவில் உள்ள ஐபிஎம் அல்மடேன் ஆய்வகம். 1993இல் ராகேஷ் அகர்வால், டோமாஷ் இமிலின்ஸ்கி, அருண் சுவாமி மூவரும் கேள்வியை ஒழுங்காக வரையறுத்தார்கள். மறு வருடம் சிலியின் சாந்தியாகோவில் நடந்த மாநாட்டில் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் ‘அப்ரியோரி’ என்ற அல்காரிதத்தை வெளியிட்டார்கள். ஸ்ரீகாந்த் நம்ம சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர். அப்ரியோரியின் யோசனை எளிமையானது. பாலும் ரொட்டியும் சேர்ந்தே போதிய பில்களில் வரவில்லை என்றால், பால், ரொட்டி, வெண்ணெய் மூன்றும் சேர்ந்து வருவதை எண்ணவே வேண்டாம்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு அல்காரிதம். ‘எங்களுடையது அப்ரியோரியைவிடப் பல மடங்கு வேகம்’ என்று ஒரு வரைபடம், கீழே சரிகிற ஒரு கோடு. கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஸ்டுடியோ ஃபோட்டோ மாதிரிதான் அந்த வரைபடங்கள். நேரில் பார்க்க நிரல் கிடைக்காது. ஆகவே புதிய முறையைக் கண்டுபிடித்தவரே பழைய முறையையும் பேப்பரைப் பார்த்து எழுதி, இரண்டையும் ஓட்டி, தன்னுடையது ஜெயித்தது என்பார். தோற்க வேண்டியவனின் நிரலை ஜெயிக்க வேண்டியவனே எழுதினால் முடிவு எப்படி இருக்கும்? எங்கள் லேபிலும் அதுதான் நடந்தது. ஒரே பேப்பரைப் பார்த்து இரண்டு மாணவர்கள் அப்ரியோரி எழுதுவார்கள். ஒருவருடையது டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியும், இன்னொருவருடையது மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பெயர் அப்ரியோரிதான்.

டேட்டாவிலும் ஒரு கோளாறு இருந்தது. பலரும் நம்பியிருந்தது ஐபிஎம்மின் செயற்கை டேட்டாவை. ‘டி10ஐ4டி100கே’ என்று பெயர் இருந்தால், பில்லுக்குச் சராசரியாக 10 பொருள், ஒளித்து வைத்த வடிவத்தின், அதாவது சேர்ந்தே வரும் பொருள் கூட்டத்தின், சராசரி நீளம் 4, மொத்தம் ஒரு லட்சம் பில் என்று அர்த்தம். 2001இல் ஜெங், கோஹாவி, மேசன் மூவரும் நிஜக் கடைகளின் டேட்டாவில் ஓட்டிப் பார்த்தார்கள். செயற்கை டேட்டாவில் பார்த்த முன்னேற்றம் அங்கே அப்படியே வரவில்லை.

அதனால்தான் அந்த 2003 போட்டியை நான் முக்கியமாக நினைக்கிறேன். நடத்தியவர்கள் பார்ட் கோதல்ஸ், முகமது ஜாக்கி. மூலநிரலைக் கொடுத்தால்தான் போட்டியில் இடம். எல்லா நிரல்களையும் அமைப்பாளர்களே ஒரே டேட்டாக்களில் ஓட்டுவார்கள். பிறகு அத்தனையும் எல்லோருக்கும் திறந்துவிடப்படும். பெல்ஜியக் கடை ஒன்றின் 88,162 பில்கள், ஹங்கேரியச் செய்தித்தளம் ஒன்றின் 9,90,002 வருகைப் பதிவுகள் எல்லாம் அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தன. எல்லா டேட்டாவிலும் ஜெயித்த அல்காரிதம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மறு வருடம் இங்கிலாந்தின் பிரைட்டனில் ஜப்பானியர் தகேயாகி ஊனோ குழுவின் ‘எல்சிஎம்’ வென்றது. அதோடு போட்டி நின்றுபோனது.

போட்டி நிரல்கள் பெரும்பாலும் சி, சி++இல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகம் தந்த ‘வேக்கா’ மென்பொருள் பாடம் நடத்த அருமை, ஆனால் வடிவத் தேடலுக்கு அதில் இருந்தவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்த இடத்தை நிரப்பியது ‘எஸ்பிஎம்எஃப்’. எழுதியவர் பிலிப் ஃபூர்னியே-விஜே. மாண்ட்ரியலில் முனைவர் பட்ட மாணவராக, விண்வெளி நிலையத்தின் இயந்திரக் கையை இயக்கக் கற்றுத்தரும் மென்பொருளில் வேலை செய்தவர். கற்றுக்கொள்கிறவர்கள் எந்த வரிசையில் எதைச் செய்கிறார்கள் என்று தேட வரிசை வடிவ அல்காரிதங்கள் தேவைப்பட்டன. ஜாவாவில் தானே எழுதினார், ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தில் வெளியிட்டார். பிறகு தைவான், மாங்க்டன், ஷென்ஜென் என்று வேலை மாறினார். மென்பொருளும் கூடவே வளர்ந்தது. 2014இல் இயந்திரக் கற்றல் ஆய்விதழ் ஒன்றில் சில பக்கக் கட்டுரை வந்தது. இன்று 200க்கும் மேற்பட்ட அல்காரிதங்கள் அதில் உண்டு.

அதில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. வேறு எந்த லைப்ரரியும் வேண்டாம். உள்ளீடு வெறும் டெக்ஸ்ட் ஃபைல், ஒரு வரிக்கு ஒரு பில். வரிசை டேட்டாவாக இருந்தால் ஒரு தொகுதி முடிந்ததும் −1, வரிசையே முடிந்ததும் −2. கூடவே வரும் ஒரு உதாரண ஃபைலில் மொத்தமே ஐந்து வரிகள்: ‘1 3 4’, ‘2 3 5’, ‘1 2 3 5’, ‘2 5’, ‘1 2 3 5’. ஓட்டினால் 2, 5 சேர்ந்து நான்கு முறை வந்ததாகச் சொல்லும். முதல் வகுப்பில் இதைப் பேப்பரில் கையால் எண்ணச் சொல்வேன். விடை ஒத்துப்போன பிறகுதான் கீபோர்டைத் தொட அனுமதி.

இப்படி மென்பொருள் எழுதிப் பராமரிக்கும் வேலைக்கெல்லாம் நம் கல்லூரிகளில் மதிப்பெண் கிடையாது. பதவி உயர்வுப் படிவத்தில் பேப்பர் எத்தனை என்று கேட்கக் கட்டம் உண்டு. பத்து வருடம் ஒரு மென்பொருளைப் பராமரித்ததை எழுத இடமில்லை. இது மாற நாளாகும். அதுவரை, ஆய்வேடுகளில் கையெழுத்துப் போடும் சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் நிரலையும் டேட்டாவையும் வாங்கி, உங்கள் மெஷினில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.