முகத் தீர்ப்பின் சான்று மதிப்பு

முன்பின் அறியாத ஒருவரைக் கண்டதுமே இவர் கோபமாக இருக்கிறார், இவரை நம்பலாம் என்று முடிவுகட்டுகிறோம். பலரும் ஒரே முடிவுக்கு வந்தால், அது அந்த முகத்திலேயே எழுதப்பட்ட உண்மை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் பார்ப்பவர்கள் தமக்குள் ஒத்துப்போவது ஒன்று. அவர்கள் சொல்வது பார்க்கப்பட்டவரின் உள்ளநிலைக்குப் பொருந்துவது வேறொன்று. முன்னதைப் பின்னதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உணர்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் செய்த ஆய்வு 1971-இல் வெளியானது. சிறு கதையொன்றைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைச் சில ஒளிப்படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தனர். பெரும்பாலான உணர்ச்சிகளில் தேர்வுகள் ஒத்திருந்தன; அச்சத்தையும் வியப்பையும் மட்டும் அவர்கள் பிரித்தறியவில்லை. விடைகளை முன்கூட்டியே தருவது ஒருமிப்பைச் செயற்கையாகக் கூட்டுகிறது என்று ஜேம்ஸ் ரஸ்ஸல் 1994-இல் சுட்டினார். அதே நாட்டின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் நடத்திய ஆய்வு (2016) இந்த ஐயத்தை வலுப்படுத்தியது. மேலைநாட்டினர் அச்சம் என்று கொள்ளும், கண் விரிந்து வாய் திறந்த முகத்தை அத்தீவின் இளையோர் மிரட்டும் முகமாகக் கண்டனர்.

ஒரே பண்பாட்டுக்குள்ளும் முகம் தனித்து நின்று பேசுவதில்லை. ஹில்லெல் அவியசர் குழுவினர் 2012-இல், புள்ளியை வென்ற, இழந்த டென்னிஸ் வீரர்களின் படங்களைக் காட்டினர். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வெற்றியையும் தோல்வியையும் வேறுபடுத்த முடியவில்லை. உடலைப் பார்த்தவர்களால் முடிந்தது. முழுப் படத்தைப் பார்த்தவர்களோ, உடல் தந்த செய்தியை முகத்தில் கண்டதாகவே நம்பினர்.

பண்புகளைப் பற்றிய தீர்ப்பு இன்னும் விரைவானது. ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் 2006-இல் காட்டியபடி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். பார்க்கும் நேரத்தைக் கூட்டியபோது தீர்ப்பு பெரிதும் மாறவில்லை. தீர்ப்பின் மீதான உறுதிதான் வளர்ந்தது. அமெரிக்க செனட் தேர்தல்களில் யார் கூடுதல் திறமையாளராகத் தோன்றினார் என்பதைக் கொண்டே சுமார் 70 விழுக்காடு போட்டிகளின் முடிவை ஊகிக்க முடிந்தது என்று டோடரோவ் குழுவினர் 2005-இல் கண்டனர். தோற்றம் வாக்காளரை அசைக்கிறது என்பதற்கு இது சான்றாகலாம். வென்றவர் திறமையானவர் என்பதற்கு ஆகாது.

இந்த ஒருமிப்பு எங்கிருந்து வருகிறது? டோடரோவும் நிக்கோலாஸ் ஊஸ்டர்ஹோஃபும் 2008-இல் உருவாக்கிய கணினி மாதிரி ஒரு விளக்கம் தருகிறது. உணர்ச்சியற்ற முகத்தில் நம்பகமான தோற்றத்தை மிகைப்படுத்தினால் புன்னகை தெரிகிறது. எதிர்த்திசையில் மிகைப்படுத்தினால் சினம் தெரிகிறது. பிறவியிலேயே சற்றே கீழ்நோக்கிய உதட்டோரம் கணநேரச் சினத்தின் சாயலைத் தருகிறது. அச்சாயலை நாம் நிலைத்த குணமாக்கிவிடுகிறோம்.

இதன் விளைவு நீதிமன்றம் வரை எட்டுகிறது. ஃபுளோரிடா கைதிகளை ஆராய்ந்த ஜான் பால் வில்சனும் நிக்கோலஸ் ரூலும் (2015), ஆயுள் தண்டனை பெற்றவர்களைவிட மரண தண்டனை பெற்றவர்களின் முகங்கள் நம்பத்தகாதவையாக மதிப்பிடப்பட்டதைக் கண்டனர். தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டோரிடமும் இதே போக்கு காணப்பட்டது. குற்றமே செய்யாதவரின் முகத்தில் குற்றத்தின் தடயம் இருக்க வழியில்லை. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை நமக்குத் தேவையில்லை.

நம்மை நன்கறிந்தவர்கள் நம் முகத்தைச் சரியாகவே படிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அவர்களிடம் நம் வழக்கங்களும் அன்றைய சூழலும் பற்றிய அறிவு இருக்கிறது. முகம் அந்த அறிவோடு சேர்ந்தே பொருள்படுகிறது. இந்த அறிவு எதுவுமின்றி, மனிதர்கள் படங்களுக்கு இட்ட பெயர்களைக் கற்ற இயந்திரம் நம் ஒருமிப்பையே திருப்பித் தருகிறது. பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. 2025 பிப்ரவரியில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. அது சரியான முடிவு.

ஆய்வாளருக்கும் இதே கண்டிப்பு வேண்டும். முகம் ஒரு பண்பைக் காட்டுகிறது என்பவர், அப்பண்பை முகத்தைச் சாராத வேறொரு வழியில் அளந்து காட்ட வேண்டும். அதுவரை அவருடைய முடிவைப் பார்ப்பவர்களைப் பற்றிய அறிவாக மட்டுமே ஏற்கலாம். பார்க்கப்பட்டவர்மீது தீர்ப்பாகச் சுமத்தலாகாது.